ஆமைக்கு வழி சொன்ன சிறுவர்கள்

மூத்த மாணாக்கன் இளைய மாணாக்கனுக்குப் பாடம் சொல்லுவது கல்வி வரலாற்றில் நேற்று முளைத்த வழக்கம் அன்று. நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்ற பட்டத்தோடு பெரிய பையன் ஒருவன் சின்னப் பிள்ளைகளை மணலில் அரிச்சுவடி எழுதப் பழக்கிவந்ததை முன்தலைமுறையினர் நன்கு அறிவர். 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அமைந்த ஆண் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிகளில் குழந்தைகள் மணலில் எழுதக் கண்டு, அவ்வழக்கத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தி, சம்பளம் வாங்கும் உபாத்தியாயர்கள் அதற்கு இணங்காதபோது பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்து, தாய்நாடு திரும்பியபின் 1797-இல் இலண்டனில் அந்த அனுபவத்தை ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் வெகு வேகமாகப் பரவிற்று. ஆயினும், ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம் என்ற சிக்கன புத்தியே அதில் ஓங்கிப் பாடம் வெறும் ஒப்பித்தலாகத் தேய்ந்துபோகவே, 1846-இல் அந்நாட்டு அரசாங்கம் வேறொரு முறையை நாடவேண்டியதாயிற்று.

கற்பிப்பவனும் கற்பவனும் வயதிலும் மனத்திலும் அருகருகே இருப்பது அம்முறையின் குணம். அந்த அருகாமையையே ஆசிரியருக்கு மாற்றாக வைத்துவிடலாம் என்று எண்ணுவது அதன் தோஷம். குணமும் தோஷமும் ஒருங்கே மறுபடி தலைகாட்டிய ஒரு வரலாறு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்தது. சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சியாளர்களும் அவர்களைப் பின்தொடர்ந்து மாணாக்கர்களும், இன்று 'கோடிங்' என்று உலகெங்கும் வழங்கும் நிரலாக்கக் கலையைத் தொடக்கப் பள்ளிச் சிறுவர்களிடம் கொண்டுசென்ற வரலாறே அது. பெல் பாதிரியாருக்கும் இவர்களுக்கும் குரு பரம்பரைத் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் அவர் சந்தித்த கேள்வியைத்தான் இவர்களும் சந்தித்தார்கள்.

1960-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கணினி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, குளிரூட்டிய காற்றில், பயிற்சி பெற்ற ஊழியர்களின் காவலில் வீற்றிருந்த ஒரு மகா யந்திரம். துளையிட்ட அட்டைகளில் கணக்கை எழுதி உள்ளே கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில், சிற்சில வேளைகளில் நாட்கணக்கில் காத்திருப்பதே அதை அணுகும் முறையாக இருந்தது. இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டார்ட்மத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் ஆவர். ஒரே யந்திரத்தின் காலத்தைப் பலருக்குப் பங்கிட்டு, தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்த எவரும் உடனுக்குடன் விடை பெறும் ஏற்பாட்டையும், அதற்கென எளிமையாக வகுத்த பேசிக் என்னும் நிரல் மொழியையும் அவர்கள் 1964-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதில் விசேஷமாகக் கருதத்தக்கது யாதெனில், அந்த ஏற்பாட்டின் உள் நிரல்களை எழுதி இரவும் பகலும் சோதித்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் பட்டம் பெறாத கல்லூரி மாணாக்கர்களே என்பதுதான். சில ஆண்டுகளுக்குள் தொலைபேசிக் கம்பி வழியாகச் சுற்றுப்புறத்து உயர்நிலைப் பள்ளிகளும் அந்த யந்திரத்தோடு இணைந்தன. கணினியைத் தொடுவதற்கு வயதோ பட்டமோ தேவையில்லை என்ற எண்ணம் முதன்முதலில் வேர்கொண்டது அங்கேதான்.

ஆனால் சிறு குழந்தைகளின் விஷயத்தில் அறிஞர்களின் அபிப்பிராயம் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பேட்ரிக் சப்பீஸ் என்னும் தத்துவப் பேராசிரியரும் ரிச்சர்டு அட்கின்சன் என்னும் மனோதத்துவ அறிஞரும் 1966-இல் கிழக்குப் பாலோ ஆல்ட்டோவின் பிரெண்ட்வுட் தொடக்கப் பள்ளியில் கணினியையே ஆசிரியராக அமர்த்திப் பார்த்தார்கள். யந்திரம் கேள்வி கேட்கும்; குழந்தை விடையளிக்கும்; சரியெனில் அடுத்த கேள்வி, தவறெனில் மீண்டும் பயிற்சி. அரசகுமாரனாகிய அலெக்சாந்தருக்கு மட்டும் அரிஸ்டாட்டில் குருவாக வாய்த்ததுபோல், வருங்காலத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே ஒரு குரு வாய்ப்பார் என்று சப்பீஸ் நம்பினார். உயர்ந்த நம்பிக்கைதான்; எனினும் அந்த ஏற்பாட்டில் கட்டளையிடும் அதிகாரம் முழுவதும் யந்திரத்தின் பக்கமே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

இதனை நேர்மாறாகத் திருப்பிவைத்தவர் சேமூர் பாப்பெர்ட். 1928-இல் தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்து, கணித சாஸ்திரத்தில் தேர்ந்து, 1958 முதல் 1963 வரை ஜெனீவா நகரில் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜேயுடன் பணியாற்றி, அதன்பின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு வந்துசேர்ந்தவர் அவர். குழந்தை அறிவை வாங்கி அடைத்துக்கொள்ளும் பாத்திரம் அன்று, தானே அறிவைக் கட்டியெழுப்பும் ஜீவன் என்ற பியாஜேயின் கொள்கை அவர் உள்ளத்தில் ஊறியிருந்தது. ஆகவே, யந்திரம் குழந்தையை நடத்தவேண்டாம், குழந்தையே யந்திரத்தை நடத்தட்டும் என்று அவர் தீர்மானித்தார். கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய போல்ட், பெரானெக், நியூமன் என்னும் நிறுவனத்தின் வாலஸ் ஃபாய்ர்சைக், டேனியல் போப்ரோ, சிந்தியா சாலமன் ஆகியோர் அவருடன் கூடிச் சிறுவர்களுக்கென்றே வகுத்த நிரல் மொழிதான் லோகோ. 1967-ஆம் ஆண்டுக் கோடையில், லிங்கன் என்னும் சிற்றூரின் ஹான்ஸ்கம் ஃபீல்டு பள்ளியில், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அது முதன்முதலாகப் பரிசோதிக்கப்பட்டது.

அந்நாளில் திரையும் இல்லை, படமும் இல்லை. தடதடவென்று ஓசையிடும் தந்தித் தட்டச்சுப் பொறியில் பிள்ளைகள் சொற்களையும் எண்களையும் வைத்தே விளையாடினார்கள். பெயர்ச்சொற்களை ஒரு பட்டியலாகவும் வினைச்சொற்களை மற்றொரு பட்டியலாகவும் யந்திரத்தினுள் இட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஏதேனும் ஒன்றை எடுத்து வாக்கியம் கோக்கும்படி நிரல் எழுதுவது அவ்விளையாட்டுகளுள் ஒன்று. வகுப்பில் நடுத்தரம் என்று மதிக்கப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, தன் நிரல் விபரீதமான வாக்கியங்களை உமிழ்வது கண்டு சொற்களை இனம் பிரித்து அடுக்கத் தொடங்கியபோது, பெயரும் வினையும் எதற்காக இருக்கின்றன என்பது தனக்கு இப்போதுதான் விளங்கிற்று என்று மகிழ்ந்தாளாம். பல ஆண்டுகளாக இலக்கண வகுப்பில் அமர்ந்தும் விளங்காத ஒன்று, யந்திரத்துக்குத் தானே சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோது விளங்கிவிட்டது. பாப்பெர்ட் பின்னாளில், 1980-இல் வெளியிட்ட தம் நூலில் இந்நிகழ்ச்சியை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

அடுத்து வந்தது ஆமை. 1940-களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்ட்டர் என்ற நரம்பியல் அறிஞர், ஒளியை நாடி ஊரும் சிறு யந்திரங்கள் இரண்டைச் செய்து அவற்றை ஆமைகள் என்று அழைத்திருந்தார். அப்பெயரை எடுத்துக்கொண்டு, சக்கரங்களும் ஒரு பேனாவும் பொருத்திய கவிழ்ந்த கிண்ணம் போன்ற ஒரு யந்திரத்தை லோகோ குழுவினர் தரையில் விரித்த காகிதத்தின்மேல் ஊரவிட்டனர். 'முன்னே 100' என்றால் அத்தனை தூரம் செல்லும். 'வலம் 90' என்றால் நின்ற இடத்திலேயே செங்கோணமாகத் திரும்பும். இவ்விரண்டையும் நான்கு முறை சொன்னால் பேனா ஒரு சதுரத்தை வரைந்து முடித்திருக்கும். பிறகு இதே ஆமை திரையின்மேல் ஓர் ஒளிப்புள்ளியாகவும் முக்கோணமாகவும் குடியேறியது.

இது வெறும் பொம்மை விளையாட்டுப் போலத் தோன்றலாம். அதன் நுட்பம் பிழை நேரும் இடத்தில்தான் வெளிப்படும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வரைய விரும்பும் பிள்ளை, அதன் கோணம் 60 பாகை என்று பாடப்புத்தகத்தில் படித்ததை நினைத்து ஒவ்வொரு முனையிலும் '60 திரும்பு' என்று கட்டளையிடுவான். ஆமையோ முக்கோணத்தை வரையாமல் ஓர் அறுகோணத்தின் பாதியை வரைந்துவிட்டு நின்றுவிடும். யந்திரம் 'தவறு' என்று சொல்லாது, அடிக்காது, நகைக்காது, சொன்னதைச் செய்துவிட்டு வாளா இருக்கும். அப்போது பிள்ளை தானே எழுந்து, தரையில் அடியெடுத்து நடந்து பார்க்கிறான். தான் திரும்புகிற அளவு உட்கோணம் அன்று, வெளிக்கோணமாகிய 120 பாகை என்பதையும், எவ்வடிவத்தைச் சுற்றி வந்தாலும் புறப்பட்ட இடத்தில் புறப்பட்ட முகமாகவே வந்து நின்றால் மொத்தத் திருப்பம் 360 பாகை என்பதையும் உடம்பாலேயே உணர்கிறான். பிழையை அவமானமாகக் கருதும் பள்ளிக்கூட மனோபாவத்தை மாற்றி, அதைத் துப்பறிந்து திருத்தத்தக்க ஒரு ருசிகரமான விஷயமாக ஆக்கியதே இக்கல்வியின் தலையாய சாதனை என்று நான் கருதுகிறேன்.

1970-இல் அத்தொழில்நுட்பக் கழகத்தில் லோகோ ஆய்வுக்கூடம் தனியே நிலைபெற்றது. அதற்கு முந்திய ஆண்டில்தான், பட்டப் படிப்பு மாணாக்கர்களும் பேராசிரியர்களின் ஆராய்ச்சியில் பங்குகொள்ளலாம் என்ற திட்டத்தை அக்கழகம் வகுத்திருந்தது. இளைஞர்கள் பலர் ஆமையை நாடி வந்தனர். அவர்களுள் ரேடியா பெர்ல்மன் என்ற மாணவி, மூன்றரை வயதுக் குழந்தைகூட நிரல் எழுத வழி உண்டா என்று ஆராய முற்பட்டார். எழுத்தறியாத குழந்தைக்குத் தட்டச்சு எப்படி உதவும்? முதலில் ஒரு பொத்தானுக்கு ஓர் அசைவு என்னும்படி பொத்தான் பெட்டி ஒன்றைச் செய்தார். பிறகு, படம் எழுதிய பிளாஸ்டிக் அட்டைகளை வரிசையாகச் செருகி ஒரு விசையை அழுத்தினால், அட்டை ஒவ்வொன்றின் கட்டளையையும் ஆமை முறையே நிறைவேற்றும் பெட்டியையும் அமைத்தார். குழந்தை அட்டையைச் செருகுவதே நிரல் எழுதுவது. அட்டையை மாற்றுவதே பிழை திருத்துவது. பின்னாளில் கணினி வலைப்பின்னலின் அடிப்படை முறை ஒன்றை வகுத்து உலகப் புகழ் பெற்ற இவ்வம்மையார், அந்நாளில் இம்முயற்சியைக் கைவிட்டதற்கான காரணத்தைத் தாமே கூறியிருக்கிறார்: ஆண்களே நிறைந்த சூழலில், விஞ்ஞானியாக மதிக்கப்பட வேண்டுமென்று விரும்பிய தமக்குச் சின்னஞ்சிறு குழந்தைகளோடு வேலை செய்வது சற்றுக் கூச்சமாக இருந்ததாம். குழந்தைகளுக்குக் கற்பிப்பதைத் தாழ்ந்த பணியாக மதிக்கும் மனப்பான்மை மாபெரும் கலாசாலைகளின் உள்ளேயும் குடிகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1977 முதல் 1979 வரை, பாஸ்டன் நகரை அடுத்த புரூக்லைன் ஊர்ப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த லோகோ பரிசோதனை, குழந்தை எப்படிக் கற்கிறது என்பதை ஒவ்வொருவராக உற்றுநோக்கி எழுதிவைத்த வகையில் அருமையானது. படிப்பில் பின்தங்கி, எதைத் தொடுவதற்கும் அஞ்சிய ஒரு சிறுமி, ஆமையைத் திருப்புவதற்கு 'வலம் 30' என்ற ஒரே கட்டளையை மட்டும் பயன்படுத்துவதென்று தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொண்டாள். செங்கோணம் வேண்டுமானால் அதையே மூன்று முறை இடுவாள். இடப்பக்கம் 30 பாகை திரும்ப வேண்டுமானால் பதினொரு முறை இடுவாள். அவசரக்கார ஆசிரியர் குறுக்கிட்டு, 'இடம் 30' என்று ஒரே கட்டளையில் முடியுமே என்று சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அருகிலிருந்தவர்கள் பொறுத்திருந்தார்கள். தான் வகுத்த சிறிய எல்லைக்குள் துணிவு பெற்ற அச்சிறுமி பிறகு தானே எல்லையைத் தாண்டினாள். ஆராய்ச்சியாளர்களின் கற்பனையும் பள்ளி வகுப்பறையின் அனுபவமும் ஓரிடத்தில் கூடியதாலேயே இத்தகைய பொறுமை சாத்தியமாயிற்று.

பிறகு வெள்ளம் வந்தது. சிறு கணினிகள் மலிந்து, 1982-இல் ஆப்பிள் கணினிக்கும் லோகோ வந்துசேர, ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதை ஆவலுடன் ஏற்றன. ஆனால் ஆமை சென்ற இடமெல்லாம் அதன் பக்கத்தில் அமர்ந்து கவனிக்கும் மனிதர் செல்லவில்லை. கணினி தனி அறையிலும், லோகோ வாரத்தில் ஒரு தனி மணியிலும் அடைபட்டன. 1984-இல் நியூயார்க் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்னும் ஆய்வாளர்கள், ஓராண்டு லோகோ பயின்ற பிள்ளைகள் திட்டமிடும் திறனில் மற்றப் பிள்ளைகளைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை என்று அறிவித்தார்கள். மரம் நல்ல வீட்டைக் கட்டுமா என்று எவரேனும் கேட்பார்களா, கட்டுகிறவனை அல்லவா கேட்கவேண்டும் என்ற கருத்தில் பாப்பெர்ட் விடையளித்தார். விடை நியாயமானதே, ஆனால் கட்டுகிறவன் எங்கே என்ற கேள்வி எஞ்சியே நின்றது.

அக்கேள்விக்கு ஒரு விடையைத் தென் கலிபோர்னியாவில் மைக்கேல் கோல் என்னும் மனோதத்துவப் பேராசிரியர் தேடினார். 1980-களின் பிற்பாதியில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான் டியேகோ கிளையில் பயிலும் பட்டப் படிப்பு மாணாக்கர்களை, பாடத்தின் ஓர் அங்கமாகவே, பள்ளி விட்டபின் சிறுவர்கள் கூடும் சங்கங்களுக்கு அனுப்பிவைக்கும் 'ஐந்தாம் பரிமாணம்' என்ற திட்டத்தை அவர் வகுத்தார். அங்கே கணினி விளையாட்டுகள் பல அறைகள் கொண்ட ஒரு கற்பனை மாளிகையாக அடுக்கப்பட்டிருந்தன; அம்மாளிகைக்கு ஒரு மாயாவி அதிபதி; அவர் முகத்தை எவரும் கண்டதில்லை; மின்னஞ்சல் வழியாக மட்டும் குழந்தைகளுக்குக் கடிதம் எழுதுவார். விதிகளை வகுப்பவர் அவர். ஆகவே மாணாக்கனும் குழந்தையும் அவ்விதிகளுக்கு ஒருங்கே கட்டுப்பட்டவர்கள். 'எனக்கும் தெரியவில்லை, வா, மாயாவியைக் கேட்போம்' என்று கல்லூரி இளைஞன் கூச்சமின்றிச் சொல்லலாம். பெரியவன், சிறியவன் என்ற ஏற்றத்தாழ்வை இத்தனை சாமர்த்தியமாகக் களைந்த ஏற்பாடு பிறிதொன்றை நான் அறியேன். ஒவ்வொரு நாளும் கண்டதையும் கேட்டதையும் மாணாக்கர்கள் குறிப்பேடாக எழுதிப் பேராசிரியரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பதும் விதி. இதனால் அவர்களுடைய சேவையே அவர்களுக்குப் படிப்பாகவும் ஆயிற்று.

1989-இல் ஓல்கா வாஸ்கெஸ் என்ற அம்மையார், சொலானா பீச் என்னும் கடற்கரையூரின் மெக்சிகோ வம்சாவளியினரிடையே, ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியும் சமமாக வழங்கும் வண்ணம் இத்திட்டத்தைத் திருத்தியமைத்தார். வீட்டு மொழியில் பேச இடம் கிடைத்ததும் தாய்மார்களும் அங்கே வரலாயினர். 1996-இல் கலிபோர்னியா சர்வகலாசாலை தன் பல கிளைகளிலும் இத்தகைய கூடங்களை ஆதரிக்க ஓர் அமைப்பை நிறுவியது.

இவ்வரலாற்றின் கடைசிப் பெரும் கட்டம் ஸ்கிராட்ச். பாப்பெர்ட்டின் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணத் துண்டுகளாகக் கோத்தே நிரலை அமைக்கும் இம்மொழியை 2007-ஆம் ஆண்டு மே மாதம் உலகிற்கு வழங்கியது. அதற்கு முன்பே, தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸின் வறிய பகுதியொன்றில் சிறுவர் கணினிக் கூடத்தில் அது சோதிக்கப்பட்டது. அங்கே துணைநின்றவர்கள் யாஸ்மின் காஃபாய் என்ற பேராசிரியையின் வழிகாட்டலில் வந்த, கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளை மாணாக்கர்கள். அவர்களிற் பலர் கணினி படித்தவர்கள் அல்லர், நிரல் என்பதையே முன்பு தொட்டறியாதவர்கள். எனினும், பதினெட்டு மாத காலத்தில் அக்கூடத்துப் பிள்ளைகள் ஆக்கிய 536 படைப்புகளை ஆய்வாளர்கள் சேகரித்துப் பார்த்தபோது, எவரும் முறையாகப் பாடம் நடத்தாமலே, சுழற்சி, நிபந்தனை முதலான நிரலாக்கக் கருத்துகளை அவர்கள் கையாளக் கற்றிருந்தது தெரியவந்தது. தெரிந்தவன் தெரியாதவனுக்கு வழங்கும் தானமாக இராமல், இருவரும் சேர்ந்து தேடும் முயற்சியாகக் கல்வி அமைந்த இடம் அது.

2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து ஐந்து வயதுக் குழந்தை முதலாகவே நிரலாக்கத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 2020-இல் ஜப்பான் தன் தொடக்கப் பள்ளிகளில் அதைக் கட்டாயமாக்கியது. யந்திரமே இல்லாமல், அட்டைகளையும் தரையில் வரைந்த கோடுகளையும் கொண்டே கணினியின் தத்துவங்களைக் கற்பிக்கலாம் என்பதை நியூசிலாந்தில் டிம் பெல் என்னும் பேராசிரியர் 1990-களிலேயே தம் மகனின் வகுப்பில் தொடங்கி நிறுவிக்காட்டிவிட்டார். ஆகவே, வசதி இல்லை என்பது இனி ஒரு சமாதானம் ஆகாது. சர்வகலாசாலை மாணாக்கனின் வருகைக்கு அவசியம்தான் என்ன என்றுகூடச் சிலர் கேட்கக்கூடும்.

அவசியம் உண்டு; ஆனால் அதன் எல்லையையும் அறிந்துகொள்ளவேண்டும். கல்லூரியின் பருவம் முடிந்ததும் மாணாக்கன் போய்விடுவான். பேராசிரியரின் நிதி தீர்ந்ததும் திட்டம் போய்விடும். மறுநாள் காலையில் வகுப்பறையில் நிற்பவர் பள்ளி ஆசிரியர் ஒருவரே. ஏட்டில் இல்லாத ஓர் உற்சாகத்தையும், 'தெரியவில்லை, பார்ப்போம்' என்று சொல்லும் துணிவையும் இளைஞன் கொண்டுவர முடியும். அவற்றை ஆண்டு முழுவதும் காத்து வளர்க்க அவனால் முடியாது. ஐம்பது ஆண்டுப் பரிசோதனைகள் தெளிவாக்கிய உண்மை இதுதான்: பள்ளி ஆசிரியரை ஒதுக்கிவைத்துவிட்டு மாணாக்கர்கள் நடத்திய வகுப்பு எத்துணைக் கோலாகலமாக நடந்தாலும் அது ஒரு விழா, ஆசிரியரையும் உடன் அமர்த்தி, அவரும் கற்க இடம் தந்து நடத்திய வகுப்பே கல்வி. சிறுவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கப் புறப்படும் கல்லூரி இளைஞர்கள், பள்ளிக்குள் நுழைந்ததும் குழந்தைகளுக்கு முன்பாக அந்த ஆசிரியரிடம் சென்று அமர்வார்களாக.